பட்டுப்புழுவும் மரபணுவும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளியில் நாம் குடியிருக்கிறோம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடம் அது. எங்கள் தெருவில் ஆரணியிலிருந்து மணமாகி வந்த மூதாட்டி ஒருவர் உண்டு. பிறந்த வீடு பட்டு நெசவாளர் வீடு. தறிக்கு வேண்டிய நூல் அந்நாளில் பெங்களூரிலிருந்து மூட்டையாக வருமாம். "நூல் வந்த ஊருக்கே நானும் வந்து சேர்ந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை, அவருடைய பேத்தி தன் கல்லூரிப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஓர் உயிரின் உடலிலுள்ள உயிரணுக்கள் அனைத்திலும், சில விலக்குகள் தவிர, ஒரே மரபணுத் தொகுதியே இருக்கிறது என்பது பாடம். கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி நம்மை நோக்கி, "ஏன் தம்பி, உடம்பு முழுக்க ஒரே சரக்குதான்னு இவ படிக்கிறாளே, அப்படின்னா பட்டுப்புழுவுக்கு வாயிலேருந்து மட்டும் ஏன் பட்டு வருது? கண்ணுலயும் காலுலயும் ஏன் வரலே?" என்றார்.

நாம் கலைப் பட்டதாரி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை. விடை தெரியவில்லை. தேடப் புகுந்தபோது, இதே கேள்வியை உலகின் பேரறிஞர் பலர் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டு வந்துள்ளனர் என்பதும், விடையின் ஒரு கூறு நம் வீட்டிலிருந்து சில கல் தொலைவிலுள்ள ஆராய்ச்சிக்கூடத்திலேயே கண்டறியப்பட்டது என்பதும் புலப்பட்டன. அவ்வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறிவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளனுக்குச் சொல்லே சோறு. பல ஆண்டுகளுக்கு முன், மரபியல் தொடர்பான சுற்றறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. மரபணு தன் வேலையைச் செய்யத் தொடங்குவதை இன்று 'வெளிப்படுதல்' என்கிறார்கள். நாமோ 'வெளியேறுதல்' என்று எழுதிவிட்டோம். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் சுழித்து, 'எங்கே வெளியேறுகிறது?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். அது எங்கும் வெளியேறுவதில்லை என்பதை நாம் அறிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான்.

ஆனால் இத்தவற்றைச் செய்தவர் நாம் ஒருவர் மட்டும் அல்லர். ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மான் என்ற பேரறிஞர் 1892ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஏறத்தாழ இக்கருத்தையே கொண்டிருந்தார். முட்டையாக இருக்கும்போது உயிரணுவினுள் பரம்பரைக் கூறுகள் அனைத்தும் இருக்கும். கரு வளர வளர, பாகப்பிரிவினை போல அவை பிரிந்து போகும். கண்ணாகப் போகும் உயிரணுவுக்குக் கண்ணின் பங்கு, தோலாகப் போவதற்குத் தோலின் பங்கு. முழுச் சொத்தும் இனப்பெருக்க உயிரணுக்களிடம் மட்டுமே எஞ்சும் என்பது அவர் கொள்கை. பார்வைக்கு மிகவும் பொருத்தமான கொள்கைதான். அது உண்மையாயின் நம் மூதாட்டியின் கேள்விக்கு விடை எளிது: புழுவின் காலுக்குப் பட்டுப் பங்கு கிடைக்கவில்லை, அவ்வளவே.

அக்கொள்கை நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் ஜான் கர்டன் என்பவர், தவளையின் தலைப்பிரட்டையிலிருந்து குடல் உயிரணுவின் கருவை எடுத்து, தன் கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைக்குள் செலுத்தினார். அவ்வாறு செய்த முட்டைகளிற் சில, முழுமையான தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. குடலுக்குரிய உயிரணு கண்ணையும் மூளையையும் ஆக்கும் செய்தியை இழந்துவிடவில்லை என்பது 1962இல் உலகிற்குத் தெரிந்தது. பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். நோபல் பரிசு 2012இல்தான் வந்தது. தாவரங்களில் இவ்வுண்மை இன்னும் தெளிவு. இன்று தமிழ்நாட்டு உழவர் வாங்கி நடும் திசு வளர்ப்பு வாழைக்கன்று, தாய் வாழையின் சிறு துண்டொன்றிலிருந்து கண்ணாடிக் குப்பியில் முழு மரமாக எழுந்ததே அன்றோ?

எனவே கேள்வி வேறு உருவம் கொண்டது. செய்தி எங்கும் இருக்கிறது. இருந்தும் ஓரிடத்தில் மட்டும் அது ஏன் செயற்படுகிறது? இக்கேள்விக்கு முதல் வழிகாட்டியவை பாக்டீரியாக்கள். பாரிஸில் ஜாக்கோப், மோனோ என்னும் இருவரும் 1961இல், மரபணுவின் அருகே ஒரு புரதம் வந்து அமர்ந்து அதனைத் தடுக்கவும், விலகி அதனை இயங்க விடவும் கூடும் என்று காட்டினர். ஆனால் பாக்டீரியாவுக்குக் கண் ஏது, கால் ஏது? உறுப்புகள் கொண்ட உயிரில் இதனைச் சோதிக்க, ஒரே உறுப்பில் ஒரே பொருளை மலையளவு செய்யும் உயிர் ஒன்று தேவைப்பட்டது. இங்கேதான் பட்டுப்புழு அரங்கிற்கு வருகிறது.

பட்டுப்புழுவின் உடலில் இருபுறமும் இரண்டு நீண்ட சுரப்பிகள் உள்ளன. இரண்டும் முன்னே ஒன்றாகக் கூடி, கீழுதட்டிலுள்ள நுண்துளை வழியே திறக்கின்றன. சுரப்பியின் பின்பகுதி ஃபைப்ராயின் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. நூலின் உள்ளுடல் அதுவே. நடுப்பகுதி செரிசின் என்னும் பசையைச் சுரந்து அந்நூலைப் போர்த்துகிறது. முன்பகுதி இரண்டையும் சுரப்பதில்லை. நூல் கடந்து செல்லும் குழாய் மட்டுமே. நெசவுக்கு முன் நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் கொதிக்க வைப்பது அந்தச் செரிசின் பசையை நீக்குவதற்கே. ஆரணி மூதாட்டி சிறுமியாக இருந்தபோது அந்தக் கொப்பரைக்கு விறகு தள்ளியவராம். நடுச்சுரப்பியின் சரக்கைக் கழுவிவிட்டுப் பின்சுரப்பியின் சரக்கை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று நாம் கூறியபோது, அவர் நம்பாமல் பார்த்தார்.

ஒரே குழாயில், ஒட்டிக்கொண்டிருக்கும் இரு பகுதிகள் இருவேறு பொருள்களைச் செய்கின்றன. ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

பின்சுரப்பியில் உள்ளவை ஏறத்தாழ 500 உயிரணுக்களே. அவை முட்டைக்குள்ளேயே எண்ணிக்கையில் நிலைபெற்றுவிடுகின்றன. அதன்பின் பிரிந்து பெருகுவதில்லை, ஒவ்வொன்றும் பருக்கிறது. உயிரணு பிரியாமலே தன்னிடமுள்ள டி.என்.ஏ.யை மட்டும் 18, 19 முறை இரட்டித்துக்கொள்கிறது. கணக்கிட்டால் இரண்டு இலட்சம் மடங்கிற்கு மேல் வரும். இங்கே ஓர் ஐயம் எழுந்தது. சுரப்பியானது பட்டு மரபணுவை மட்டும் தனியே பெருக்கிக்கொள்கிறதோ? வைஸ்மானின் பாகப்பிரிவினை பின்வாசல் வழியே நுழைகிறதோ?

இதற்கு விடை கண்டவர் யோஷியாக்கி சுசுகி என்னும் ஜப்பானியரும், அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள கார்னெகி நிறுவனத்தின் டொனால்ட் பிரௌனும் ஆவர். மரபணுவிலிருந்து படியெடுத்துச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.யைப் பட்டுச் சுரப்பியிலிருந்து அவர்கள் தனியே பிரித்தெடுத்து அடையாளம் கண்டது 1972இல். பட்டுப் புரதத்தில் கிளைசின் என்னும் அமினோ அமிலம் மட்டும் ஏறத்தாழ 45 சதவிகிதம் உள்ளமையால், அதன் தூதுவனும் தனித்த எழுத்தமைப்பு உடையவனாக இருப்பான் என்று கருதிப் பிடித்தார்கள். பிறகு அத்தூதுவனைத் துணைகொண்டு பட்டு மரபணுக்களை எண்ணினார்கள். பின்சுரப்பியிலும், நடுச்சுரப்பியிலும், புழுவின் மற்ற உடலிலும் ஒரே விகிதம். பட்டே செய்யாத உடற்பகுதியிலும் பட்டு மரபணு அப்படியே இருந்தது. சுரப்பி தனியே அதைப் பெருக்கவில்லை. எல்லா மரபணுக்களையும் சேர்த்தே பெருக்கியிருந்தது.

உற்பத்தியின் மிகுதி எங்கிருந்து வருகிறது என்பதற்கும் அவர்கள் கணக்குச் சொன்னார்கள். ஏறத்தாழ நான்கு நாட்களில் ஒரு மரபணு 10,000 தூதுவர்களைப் படியெடுக்கிறது. ஒவ்வொரு தூதுவனும் 1,00,000 புரத மூலக்கூறுகளை ஆக்குகிறான். ஆக ஒரு மரபணுவிலிருந்து 100 கோடி. காஞ்சிபுரம் சேலையை மடியில் வைத்துக்கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது தலை சுற்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கும். தோலுரிக்கும் வேளையில் உண்ணாது, அசையாது. அவ்வேளையில் பட்டு மரபணுவும் ஓய்கிறது என்றும், தோலுரித்து மீண்டும் மல்பெரி இலையை உண்ணத் தொடங்கியதும் அதுவும் மீண்டும் எழுகிறது என்றும் சுசுகியின் ஆராய்ச்சிக் குழு 1980இல் காட்டியது. ஆகவே இடமும் காலமும் இரண்டுமே குறிக்கப்பட்டுள்ளன. குறிப்பவர் யார்?

அலுவலக வழக்கிலேயே சொல்லிப் பார்ப்போம். தலைமையகத்திலிருந்து ஓர் ஆணை புறப்பட்டால் அதன் படி எல்லாக் கிளைகளுக்கும் போகும். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆனால் ஓரத்தில் 'நடவடிக்கைக்கு' என்று குறிக்கப்பட்ட படி மேசைக்கு வரும். 'தகவலுக்கு' என்று குறிக்கப்பட்டது கோப்பில் உறங்கும். மரபணுவுக்கும் அத்தகைய ஓரம் உண்டு. புரதம் செய்யும் செய்தியைத் தாங்கிய பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ள டி.என்.ஏ. எழுத்துகளே அந்த ஓரம். அவ்வெழுத்துகளைப் படித்து அங்கே வந்து அமரும் சில புரதங்கள், மரபணுவைத் தட்டி எழுப்புகின்றன, அல்லது அடக்கி வைக்கின்றன. எந்த உறுப்பில் எந்தப் புரதம் இருக்கிறதோ அதற்கேற்ப மரபணு விழிக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. கடையில் கன்னடம், அலுவலகத்தில் இந்தி, வீட்டு வாசலைத் தாண்டியதும் தமிழ். மூன்றும் ஒரே தலைக்குள்தான் இருக்கின்றன. இடம் பார்த்து ஒன்று எழுகிறது. ஒப்புமை முழுதும் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நாம் நினைத்தால் கடையிலும் தமிழ் பேசலாம். உயிரணுவுக்கு அவ்வுரிமை இல்லை.

இனிப் பெங்களூருக்கு வருவோம். மைசூர் நாட்டில் பட்டு வளர்ப்பை ஊன்றியவர் திப்பு சுல்தான் என்பது யாவரும் அறிந்தது. நலிந்திருந்த அத்தொழிலைத் தூக்கி நிறுத்த, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணையை அமைத்து, ஜப்பானிய முறையைக் கற்பிக்க அந்நாட்டு வல்லுநரையும் வரவழைத்தார். பசவனகுடிப் பக்கம் 'டாட்டா சில்க் ஃபார்ம்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அதே டாட்டா கனவு கண்ட மற்றொன்று இந்திய விஞ்ஞானக் கழகம். அவர் 1904இல் மறைந்தார்; கழகம் 1909இல் தோன்றியது. அவருடைய இவ்விரு முயற்சிகளும் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒரு புழுவின் வயிற்றில் வந்து சந்தித்தன எனலாம்.

கழகத்தின் நுண்ணுயிரியல், உயிரணுவியல் துறையில் கே. பி. கோபிநாதன் என்பவரும் அவருடைய மாணவர்களும் எடுத்துக்கொண்ட பொருள் பட்டு மரபணு அன்று. அதற்குச் சேவகம் செய்யும் மரபணு. புரதம் கட்டப்படும் இடத்திற்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கூலியாள் ஒருவன் உண்டு, கடத்து ஆர்.என்.ஏ. என்பது அவன் பெயர். கிளைசினுக்கு ஒரு கூலியாள், அலனினுக்கு வேறொருவன் என்று வகுக்கப்பட்டிருக்கும். பட்டுப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி கிளைசின் என்றால், கிளைசின் சுமக்கும் கூலியாட்கள் எத்தனை பேர் வேண்டும்! கல்யாண வீட்டில் முகூர்த்தம் நெருங்கும்போது இலை போடுபவர் போதாமற் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பின்சுரப்பியில் கிளைசினையும் அலனினையும் சுமப்போர் மிகுகின்றனர் என்று பிரான்சில் லியோன் நகரத்தார் முன்னமே கண்டிருந்தனர். அலனினுக்கோ பட்டுச் சுரப்பிக்கே உரிய தனிக் கூலியாள் ஒருவன் இருப்பதும், அவன் பொதுக் கூலியாளிடமிருந்து ஒரே ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடுவதும் 1977இல் அமெரிக்காவில் தெரியவந்தது.

பெங்களூர்க் குழுவினர் கிளைசின் கூலியாளின் மரபணுவைப் பற்றிய ஆராய்ச்சியை 1992இல் அமெரிக்க விஞ்ஞானக் கழக ஏட்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், லியோன் நகரத்தாரோடு சேர்ந்து செய்த மற்றொரு ஆராய்ச்சியும் வெளிவந்தது. நம் மூதாட்டியின் கேள்விக்கு மிக நெருங்கிய செய்தி அதில்தான் இருக்கிறது. இக்கூலியாளுக்குப் புழுவின் டி.என்.ஏ.யில் ஒரே மரபணு அன்று. ஏறத்தாழ 20 படிகள் உள்ளன. செய்திப்பகுதி ஒன்றுபோல் இருந்தும் அவற்றுள் சில மிகுதியாகப் படியெடுக்கப்படுகின்றன, சில நடுத்தரம், சில மிகக் குறைவு. வேறுபாடு எல்லாம் அக்கம்பக்கத்து எழுத்துகளில். ஊக்கும் தொடர்கள் சிலவற்றின் அருகே உள்ளன. தடுக்கும் தொடர்கள் வேறு சிலவற்றின் அருகே. ஒரே உடலில், ஒரே உயிரணுவில், ஒரே வாசகம் கொண்ட இருபது படிகளுள் எது பேசும், எது முணுமுணுக்கும் என்பதை ஓரக்குறிப்பே தீர்மானிக்கிறது. ஓரக்குறிப்புகளோடு காலம் தள்ளும் நமக்கு இது மிகுந்த மகிழ்ச்சி தந்தது என்பதை மறைப்பானேன்?

புழுவைச் சற்றே விட்டு ஈரலுக்கு வருவோம். இதே கழகத்தில், சென்னையிற் பிறந்தவரும் 1994 முதல் 1998 வரை கழகத்தின் இயக்குநராக விளங்கியவருமான கோவிந்தராஜன் பத்மநாபன், எலியின் ஈரலில் மரபணு விழிப்பதை ஆராய்ந்தார். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன் என்ற மருந்து உட்சென்றதும், மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி-450 வகைப் புரதங்களின் மரபணுக்கள் ஈரலில் விழித்தெழுகின்றன. அவ்விழிப்புக்கு இரும்பு தாங்கிய ஹீம் என்னும் பொருளும் வேண்டும் என்பதை அவர் குழு காட்டியது. 1989இல் வெளிவந்த கட்டுரை அதனை விளக்குகிறது. இதனை வெறும் எலி ஆராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது. வலிப்பு மருந்து உண்பவருக்கு, இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் சில மருந்துகள் வழக்கமான அளவில் பலிக்காமற் போவதற்குக் காரணம் ஈரலில் நிகழும் இத்தகைய விழிப்பே. வேறு மருத்துவரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுமாறு சொல்வது வீண் சடங்கன்று.

பட்டுக்குத் திரும்புவோம். ஓரக்குறிப்புதான் இடத்தைத் தீர்மானிக்கிறது என்றால், பட்டு மரபணுவின் ஓரத்தை வேறொரு மரபணுவோடு ஒட்டினால் என்ன ஆகும்? ஜப்பானியர் 2003இல் செய்து காட்டினர். மனிதத் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் மரபணுத் துண்டைப் பட்டு மரபணுவோடு இணைத்துப் புழுவினுள் செலுத்தினர். புழு தன் கூட்டோடு மனிதக் கொலாஜனையும் சேர்த்து நூற்றது. மருந்துக்கு வேண்டிய புரதங்களைப் புழுவைக் கொண்டே செய்விக்கும் முயற்சிகள் இதிலிருந்து கிளைத்தன. ஓரக்குறிப்பைப் படிக்கும் புரதங்களையும் பிடித்துவிட்டார்கள். பின்சுரப்பியில் மட்டும் இருக்கும் அத்தகைய புரதம் ஒன்றை நடுச்சுரப்பியிலும் தோன்றச் செய்தபோது, பசை மட்டும் சுரக்க வேண்டிய நடுச்சுரப்பியில் பட்டு மரபணு விழித்துக்கொண்டது. இது 2015இல் வெளிவந்தது. மரபணு அங்கே இருந்தது. எழுப்ப ஆள் இல்லாமல் உறங்கியது. ஆள் வந்ததும் எழுந்தது.

இவ்வளவையும் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூதாட்டியிடம் விளக்கினோம். மடியில் இருந்த அரக்கு நிறச் சேலையின் தலைப்பைத் தடவிக்கொண்டே கேட்டார். "சரி தம்பி, கால்லயும் பட்டு இருக்கு, கூப்பிட ஆள் இல்லே. அது புரியுது. அந்தக் கூப்பிடுற ஆளை வாய்ப்பக்கம் அனுப்பினது யாரு?"

முட்டைக்குள் கரு உருவாகும் நாட்களிலேயே அது நடந்துவிடுகிறது என்றோம். கருவின் உடல் வளையம் வளையமாகப் பிரியும்போது ஒவ்வொரு வளையத்துக்கும் இன்ன இடம் என்று குறிக்கும் மரபணுக்கள் தனியே உள்ளன. கீழுதடாகப் போகும் வளையத்தைக் குறிக்கும் மரபணு எழுந்த இடத்தில், தோல் உள்நோக்கிக் குழிந்து இரு குழாய்களாக நீள்கிறது. அவையே பட்டுச் சுரப்பிகள். கூட்டிலிருந்து வெளிவரும் பட்டுப்பூச்சி இடும் முட்டையிலும் இது இவ்வாறே மீண்டும் நடக்கும்.

பேத்தி உள்ளேயிருந்து, "அந்த மரபணுவை எழுப்பினது யாருன்னு கேளுங்க ஆயா" என்று குரல் கொடுத்தாள். அதற்கும் விடை உண்டு. தாய்ப்பூச்சி முட்டைக்குள் வைத்து அனுப்பும் பொருள்களிலிருந்து அது தொடங்குகிறது. அதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம்.